கண்ட்ரோல் பிளஸ்: நோட்பேடுக்கு 33 வருஷம் ஆச்சு

லேப்டாப் பக்கத்துல இருந்தா, கேட்டுக்கிட்டே ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்க கோட் எடிட்டரைத் திறந்துக்குங்க. கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு, பேக்ஸ்பேஸுக்கு இடது பக்கத்துல இருக்கிற ஈக்குவல் பட்டனைத் தட்டுங்க. மேக்கா இருந்தா கமாண்ட். பெரும்பாலான எடிட்டர்ல எழுத்து பெருசாகும். அதே மாதிரி மைனஸைத் தட்டுங்க, சிறுசாகும். பல எடிட்டர்ல சீரோவைத் தட்டினா பழையபடி ஆயிடும்.

இவ்வளவுதான் மேட்டர். இதுக்கு ஒரு முழு எபிசோடா-னு கேப்பீங்க. இந்த ரெண்டு பட்டன் கோட் எழுதுறவங்க கைக்கு வந்து சேர்ந்த கதை நான் நினைச்சதைவிட ரொம்ப நீளம். அதைத் தேடிப் படிக்க வச்சது ஒரு போன்.

போன்ல எடுத்த போட்டோ

எங்க டீம்ல ஒருத்தர் இருக்கார். ஐம்பதை நெருங்குறவர். எல்லாரும் அண்ணானுதான் கூப்பிடுவோம். நாங்க ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்தப்பவே கோட் எழுதிட்டு இருந்தவர். ஆபீஸ்ல அவருக்குப் பின்னாடி சீட் எனக்கு. ஒரு நாள் அவர் ஸ்கிரீனைப் பார்த்தேன், எழுத்து ஒவ்வொண்ணும் பஸ் போர்டு சைஸுக்கு இருந்துச்சு. நான் சும்மா இருக்காம, "என்னண்ணா, எதிர் பில்டிங்ல இருக்கிறவங்களுக்கும் சேர்த்து கோட் எழுதுறீங்களா?"னு கேட்டேன். நாலு பேர் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். மறுநாள் அவர் ஸ்கிரீன்ல எழுத்து எங்க எல்லாருக்கும் இருக்கிற சைஸுக்கே வந்துடுச்சு. நான் அதை அப்போ கவனிக்கக்கூட இல்லை.

சில மாசம் கழிச்சு நான் எழுதின ஒரு கோட் ரிவ்யூவுக்கு அவர்கிட்ட போச்சு. ஒரு டைம்அவுட் மதிப்பு 30000-னு இருக்கணும், நான் 3000-னு அடிச்சிருந்தேன். முப்பது செகண்ட் காத்திருக்க வேண்டியது மூணே செகண்ட்ல கைவிட்டுடும். அவர் ஓகே பண்ணிட்டார். புரொடக்ஷன் போச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாருக்கும் போன் வந்துச்சு. தப்பு என்னோடது, அதுல சந்தேகமே இல்லை. ஆனா இந்த மாதிரி விஷயத்தை அண்ணா விடவே மாட்டார். எப்படி விட்டார்னுதான் புரியலை.

அடுத்த வாரம் ஒரு மீட்டிங். பெரிய டிவியில யாரோ கோடைக் காட்டிட்டு இருந்தாங்க. அண்ணா போனை எடுத்து டிவியை ஒரு போட்டோ எடுத்தார். மேஜைக்குக் கீழ வச்சு, ரெண்டு விரலால அந்தப் போட்டோவை விரிச்சுப் படிச்சார். அப்போதான் எனக்கு உறைச்சது. அவரோட எழுத்தைச் சின்னதாக்கினது நான்தான்.

நாற்பது வயசைத் தாண்டும்போது கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸோட நெகிழ்வு குறைஞ்சு, பக்கத்துல இருக்கிறது தெளிவா தெரியாமப் போகும். கிட்டத்தட்ட எல்லாருக்கும் வர்றதுதான். தமிழ்ல இதுக்கு வெள்ளெழுத்துனு பேரு. வெள்ளெழுத்துக் கண்ணாடினு தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. எழுத்தை வச்சே ஒரு கண் குறைபாட்டுக்குப் பேர் வச்சிருக்கோம் பாருங்க. சரி, இந்தக் கண்ணுக்கு கம்ப்யூட்டர் உலகம் எப்போ இடம் கொடுத்துச்சு? அங்கிருந்து ஆரம்பிப்போம்.

எழுத்தின் அளவு சிப்புக்குள் இருந்த காலம்

1928-ல் ஐபிஎம் 80 பத்திகள் கொண்ட துளை அட்டையைக் கொண்டுவந்தது. ஒரு அட்டையில் 80 எழுத்து. ஸ்கிரீன் வந்த பிறகும் அந்த 80 நம்மை விடவில்லை. இன்னிக்கும் ஒரு வரி 80 எழுத்துக்கு மேல போகக் கூடாதுனு சண்டை போடுற ஆளுங்க உங்க டீம்லயும் இருப்பாங்க.

1978-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் விடி100 என்ற டெர்மினலை வெளியிட்டது. ஸ்கிரீனும் கீபோர்டும் மட்டும் இருக்கும். கணக்குப் போடும் கம்ப்யூட்டர் வேறெங்கோ இருக்கும். இன்னிக்கு நம்ம லேப்டாப்ல திறக்கிற கறுப்பு டெர்மினல் ஜன்னல் இந்த மாதிரி மெஷினோட நடிப்புதான். அதுல 80 எழுத்து, 24 வரி. ஒவ்வொரு எழுத்தும் எந்தப் புள்ளிகளால் ஆனது என்பது ஒரு ரோம் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். இது நம்ம மெமரி ராம் இல்லை, படிக்க மட்டும் முடிகிற ரோம். கம்ப்யூட்டர் "இந்த இடத்தில் ஏ போடு" என்று சொல்லும். அந்த ஏ எவ்வளவு பெரியது என்பதை டெர்மினலைச் செய்த கம்பெனி ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். எழுத்து சின்னதா இருக்குனு நினைச்சா நாற்காலியை முன்னாடி இழுத்துக்கணும். வேற வழி கம்மி.

முழுக்க வழியே இல்லைனும் சொல்ல முடியாது. விடி100-ல் ஒரு வரியை இரட்டை அகலமாகவோ இரட்டை உயரமாகவோ காட்டச் சொல்லும் கட்டளை உண்டு. எப்படி வேலை செய்யும் தெரியுமா? இரட்டை உயரம் வேணும்னா அதே எழுத்துகளை ரெண்டு வரியில ரெண்டு தடவை அனுப்பணும். முதல் வரியில் எழுத்தின் மேல்பாதி வரும், அடுத்த வரியில் கீழ்ப்பாதி வரும். அகலமும் இரட்டிப்பாவதால் 80 எழுத்து நின்ற இடத்தில் 40 தான் நிற்கும். தலைப்பு போட, மெனு காட்ட சரி. ஆயிரம் வரி கோடை இதுல எடிட் பண்ண முடியாது. மெஷின் கொடுத்தது நிகழ்ச்சிக்கான பெரிய எழுத்து, படிக்கிறவருக்கான பெரிய எழுத்து இல்லை.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தது. அதன் கலர் கிராஃபிக்ஸ் அடாப்டரில் 80 பத்தி, 40 பத்தி என்று ரெண்டு முறை இருந்தன. டாஸில் மோட் என்ற கட்டளையோடு 40 என்று அடித்தால் எழுத்து அகலமாகும். வீட்டு டிவியில கம்ப்யூட்டரை மாட்டினா 80 எழுத்து கலங்கிப்போய்த் தெரியும், அதுக்குத்தான் இது. தேவை டிவியோடதா இருந்துச்சு. கண்ணைப் பத்தின பேச்சு இன்னும் வரலை.

படத்துக்கு ஜூம் வந்தது முதலில்

இதுல எனக்குப் பெரிய ஆச்சரியம் என்னன்னா, ஜூம் என்கிற யோசனை புதுசே இல்லை. இவான் சதர்லாண்ட் எம்ஐடியில் பிஎச்டி ஆய்வாகச் செய்த ஸ்கெட்ச்பேட் 1963-லேயே இருந்தது. லிங்கன் லேபில் இருந்த டிஎக்ஸ்-2 என்ற கம்ப்யூட்டரில், லைட் பேனாவால் ஸ்கிரீனிலேயே கோடு போடலாம். பக்கத்தில் திருகுகள் இருக்கும். ஒன்றைத் திருகினால் படம் பெரிதாகும், இன்னொன்றைத் திருகினால் படம் நகரும். அதாவது விடி100-க்கு 15 வருஷம் முன்னாடியே ஸ்கிரீன்ல இருக்கிறதைப் பெருசாக்கிப் பார்த்துட்டாங்க.

அப்போ எழுத்துக்கு ஏன் வரலை? ஸ்கெட்ச்பேட்ல ஒரு கோடு என்பது கணக்கு. இந்தப் புள்ளியில ஆரம்பிச்சு அந்தப் புள்ளியில முடியுதுனு ரெண்டு எண் ஜோடி. ரெண்டால பெருக்கினா கோடு ரெண்டு மடங்கு. டெர்மினல் எழுத்து கணக்கு இல்லை, சிப்புல குத்தி வச்ச புள்ளிக் கோலம். நம்ம வாசல் கோலத்தையே எடுத்துக்குங்களேன். அஞ்சு புள்ளிக் கோலத்தைப் பத்துப் புள்ளியாக்கணும்னா, புள்ளிக்குப் புள்ளி தள்ளி வச்சா ஓட்டை ஓட்டையா இருக்கும். புதுசா வரையணும்.

1973-ல் ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையம் ஆல்ட்டோ கம்ப்யூட்டரைச் செய்தது. அதில் ஸ்கிரீனின் ஒவ்வொரு புள்ளியையும் சாஃப்ட்வேரே கட்டுப்படுத்தலாம். எழுத்து சிப்பை விட்டு வெளியே வந்தது. 1984-ல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் இதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. சூசன் கேர் வடிவமைத்த சிகாகோ, ஜெனீவா, மொனாக்கோ போன்ற ஃபான்ட்கள் அதில் வந்தன. இவையும் புள்ளிக் கோலங்கள்தான். 9 பாயின்ட் தனியாக, 12 பாயின்ட் தனியாக வரையணும். வரையாத சைஸைக் கேட்டால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி உடைஞ்சு தெரியும். மொனாக்கோ 9 பாயின்ட்டிலேயே வருஷக் கணக்கில் கோட் எழுதிய மேக் புரோகிராமர்கள் நிறைய பேர்.

எழுத்தைக் கோடும் வளைவுமாகக் கணக்கில் சொல்லும் முறை பிரிண்டருக்கு முதலில் வந்தது. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984-ல், அதைப் பயன்படுத்திய ஆப்பிளின் லேசர்ரைட்டர் 1985-ல். ஸ்கிரீனுக்கு ஆப்பிள் 1991-ல் சிஸ்டம் 7 காலத்தில் ட்ரூடைப்பைக் கொண்டுவந்தது. 1992-ல் விண்டோஸ் 3.1-லும் அது வந்தது. இனி எந்த எழுத்தும் எந்த சைஸிலும் தெரியும். சதர்லாண்டின் கோட்டுக்குக் கிடைச்சது நம்ம எழுத்துக்குக் கிடைக்க கிட்டத்தட்ட 30 வருஷம் ஆச்சு.

பிளஸுக்கு இடம் இல்லை

டெக்னாலஜி ரெடி. இப்போ பட்டன் வேணும். இங்க ஒரு பழைய முட்டுக்கட்டை இருந்துச்சு.

கண்ட்ரோல் பட்டன் டெலிடைப் மெஷின் காலத்துது. 1963-ல் வந்த ஆஸ்கி குறியீட்டில் முதல் 32 எண்கள் கட்டுப்பாட்டுக் குறிகள்: மணி அடி, வரியை மாற்று, தாளைத் தள்ளு இந்த மாதிரி. கண்ட்ரோலோட ஒரு எழுத்தை அழுத்தினா இந்த 32-ல் ஒன்று போகும். கண்ட்ரோல் ஏ என்றால் 1, கண்ட்ரோல் இசட் என்றால் 26. மிச்சம் சில குறிகளுக்கு. பிளஸுக்கு இதில் தனி இடம் கிடையாது. அதனால பழைய முறை டெர்மினல் வழியா கண்ட்ரோல் பிளஸ்னு ஒண்ணை அனுப்பவே முடியாது. அந்தப் பக்கம் இருக்கிற புரோகிராமுக்கு நீங்க என்ன அழுத்தினீங்கன்னே தெரியாது.

டெர்மினல்ல விம் ஓட்டுறவங்களுக்கு இதோட வால் இன்னிக்கும் தெரியும். அங்க எழுத்தைப் பெருசாக்குறது விம் இல்லை, வெளியில இருக்கிற டெர்மினல் புரோகிராம். விம்முக்கு ஃபான்ட்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. எழுத்து பெருசானதும் "இனி உனக்கு 80 பத்தி இல்லை, 50தான்"னு ஒரு தகவல் மட்டும் அதுக்குப் போகும். ஈமேக்ஸ் 1976-ல் பிறந்தது. அதில் தற்போதைய பக்கத்தின் எழுத்தை மட்டும் பெரிதாக்க, கண்ட்ரோல் எக்ஸ் அழுத்தி அப்புறம் கண்ட்ரோல் பிளஸ் அழுத்தும் வசதி 2009-ல் 23-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதுவும் தனி ஜன்னலில் ஓடும் ஈமேக்ஸுக்குத்தான், டெர்மினலுக்குள் ஓடுவதற்கு இல்லை.

இன்னொரு சிக்கல் டைப்ரைட்டர் சொத்து. அமெரிக்க கீபோர்டில் பிளஸும் ஈக்குவலும் ஒரே பட்டன். பிளஸ் வேணும்னா ஷிஃப்ட் சேர்க்கணும், மைனஸுக்கு வேண்டாம். கண்டிப்பா பார்த்தா பெருசாக்க மூணு பட்டன், சிறுசாக்க ரெண்டு பட்டன். கண்ணு தெரியாதவருக்குத்தான் கூட ஒரு பட்டன்! அதனாலதான் பெரும்பாலான மென்பொருள்கள் கண்ட்ரோல் ஈக்குவலையும் பிளஸாவே எடுத்துக்குது. ஆரம்பத்துல உங்களை ஈக்குவல் தட்டச் சொன்னதும் அதுக்குத்தான். ஜெர்மன் கீபோர்டில் பிளஸுக்குத் தனி பட்டன் உண்டு, பிரச்சினை இல்லை. பிரெஞ்சு கீபோர்டில் எண்களுக்கே ஷிஃப்ட் வேணும், அதனால அங்க கண்ட்ரோல் சீரோ தகராறு பண்ணும்.

பிரவுசரில் நடந்த சண்டை

இந்த ஷார்ட்கட்டை உலகம் முழுக்கப் பழக்கினது எடிட்டர் இல்லை, பிரவுசர். அதுக்கு முன்னாடி மவுஸ் ஒரு அடி வச்சது. 1996-ல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெல்லிமவுஸ் நடுவில் சக்கரத்தோடு வந்தது. ஆபீஸ் 97-ல் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினால் பக்கம் பெரிதாகும்.

பிரவுசர்ல கேள்வி வேற மாதிரி வந்துச்சு. பக்கத்தை வடிவமைச்சவர் ஒரு சைஸ் முடிவு பண்ணியிருக்கார், படிக்கிறவர் வேற சைஸ் கேக்கிறார். யார் பேச்சு நடக்கணும்? 2001-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-ல் எழுத்தளவுக்கு மெனுவில் ஐந்து படிகள் இருந்தன. ஆனால் இணையதளம் செய்தவர் எழுத்தளவை பிக்சல் கணக்கில் கொடுத்திருந்தால், அந்த ஐந்து படியும் வேலை செய்யாது. "12 பிக்சல்னு அவர் சொல்லிட்டார், 12 தான்." அன்னிக்கு உலகத்துல பெரும்பாலானவங்க கையில இருந்த பிரவுசர் அது. டிசைன் அழகா நிக்கணும்னு பிக்சல்ல எழுதின ஒவ்வொருத்தரும், தெரிஞ்சோ தெரியாமலோ படிக்கிறவர் கையைக் கட்டிப் போட்டாங்க.

ஓபெரா பிரவுசர் மட்டும் ரொம்ப முன்னாடியே எழுத்து, படம் எல்லாத்தையும் சேர்த்து முழுப் பக்கத்தையும் பெருசாக்கும். 2006-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 அந்த வழிக்கு வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் முன்பு எழுத்து மட்டும் பெரிதாகும். 2008-ல் ஃபயர்ஃபாக்ஸ் 3 முழுப் பக்கமும் பெரிதாவதை இயல்பாக்கியது. அதே 2008 டிசம்பரில் வெளியான வலை அணுகல் வழிகாட்டியின் 2.0 பதிப்பு, எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ செயல்பாடோ போகக் கூடாது என்றது. படிக்கிறவரோட சைஸ் ஒரு விதியா எழுதப்பட்டுச்சு.

சண்டை அதோட முடியலை. 2007-ல் ஐபோன் வந்து ரெண்டு விரல் ஜூமைப் பிரபலமாக்கினதும், இணையதளங்கள் ஒரே ஒரு வரி சேர்த்து அந்த ஜூமை நிறுத்த ஆரம்பிச்சாங்க. 2016-ல் ஐஓஎஸ் 10-ல் ஆப்பிளின் சஃபாரி அந்த வரியை மதிக்கிறதை விட்டுடுச்சு. அண்ணா மேஜைக்குக் கீழ விரல் விரிச்ச போட்டோவுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. போட்டோகிட்ட யாரும் "ஜூம் பண்ண விடாதே"னு சொல்லி வைக்க முடியாதில்ல.

கடைசியில் வந்தது நம்ம ஏரியா

பிரவுசருக்கு இவ்வளவு நடந்துச்சு. அந்த பிரவுசரை எழுதுற ஆளுங்க உக்காந்திருக்கிற எடிட்டர்ல என்ன நிலைமை? நாள் முழுக்க எழுத்தையே பார்க்கிற தொழில் நம்மோடது. நமக்குத்தான் முதல்ல வந்திருக்கணும். வரிசையைச் சொல்றேன், கேளுங்க.

1999-ல் வெளியான சின்டில்லா என்ற எடிட்டர் கூறு முன்னோடிகளில் ஒன்று. கீபோர்டின் வலது பக்க எண் பகுதியில் இருக்கும் பிளஸ், மைனஸை கண்ட்ரோலோடு அழுத்தினால் ஜூம். வகுத்தல் குறியை அழுத்தினால் பழைய அளவு. அதன் மேல் கட்டப்பட்ட நோட்பேட்++ 2003-ல் வந்தது, காலேஜ் லேப்ல நம்மில் பல பேர் முதல்ல கோட் அடிச்சது அதுலதான். ஆனா எண் பகுதியே இல்லாத சின்ன லேப்டாப் வாங்கினா அந்த ஷார்ட்கட்டை அழுத்தவே இடம் இருக்காது.

விஷுவல் ஸ்டுடியோவில் கண்ட்ரோலும் மவுஸ் சக்கரமும் சேர்ந்த ஜூம் 2010 பதிப்பில் வந்தது. அந்தப் பதிப்பில் எடிட்டரைப் புதிதாக எழுதினார்கள். கோடை காப்பி பண்ணிட்டு கண்ட்ரோல்ல இருந்து விரலை எடுக்காம சக்கரத்தைச் சுழட்டி, எழுத்து திடீர்னு யானை மாதிரி ஆகி பயந்தவங்க நிறைய பேர். எக்லிப்ஸ் 2001-லிருந்து இருக்கிறது. பிளஸ், மைனஸ் ஷார்ட்கட் 2016-ல் நியான் பதிப்பில்தான் வந்தது. ஆப்பிளின் எக்ஸ்கோட் 2003-ல் பிறந்தது. கமாண்ட் பிளஸ் 2017-ல், 9-ஆம் பதிப்பில். கடைசியா நம்ம விண்டோஸ் நோட்பேட். 1985-ல் விண்டோஸ் 1.0-வோட வந்தது. கண்ட்ரோல் பிளஸ் வந்தது 2018 அக்டோபர் அப்டேட்ல. 33 வருஷம். 1985-ல் 25 வயசுல நோட்பேடை முதல்ல திறந்த ஒருத்தருக்கு அப்போ 58.

"அப்போ எல்லாம் ஃபான்ட் சைஸ் மாத்தவே முடியாதா?"னு கேப்பீங்க. முடியும். செட்டிங்ஸ்ல போய், மெனுவுக்குள் மெனு திறந்து, எண்ணை மாத்தி, ஓகே அடிக்கணும். கோட் எழுதுற கம்பெனிகளும் இதைத்தான் நினைச்சிருப்பாங்கனு எனக்குத் தோணுது: வசதிதான் இருக்கே, ஷார்ட்கட் எதுக்கு? ஒரு ஆளுக்கு ஒரு சைஸ், அதை ஒரு தடவை செட் பண்ணிட்டா போதும் என்கிற கணக்கு. ஆனா கண்ணு அப்படி ஒரே மாதிரி இருக்கிறதில்லை. காலையில 12 போதும்னு இருக்கிறவருக்கு ராத்திரி 16 வேணும். தனியா இருக்கும்போது ஒண்ணு, பக்கத்துல ஒருத்தர் வந்து உக்காந்தா ஒண்ணு, புரொஜெக்டர்னா இன்னொண்ணு. ஒரு நாளைக்குப் பத்து தடவை மாறுற விஷயத்தை ஆறு கிளிக்குக்கு அப்பால வச்சா, நாம மாத்த மாட்டோம். முன்னாடி குனிஞ்சு, கண்ணை இடுக்கிப் பார்த்துக்குவோம். எழுத்தாளவு செட்டிங்ஸ்ல இருந்த வரைக்கும் குனியறதுதான் சுலபமா இருந்துச்சு.

விஎஸ் கோடில் ஒரு குழப்பம்

2015-ல் மைக்ரோசாஃப்ட் விஎஸ் கோடை அறிமுகப்படுத்தியது. நம்ம கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் இதுதான் யூஸ் பண்ணுவீங்க. இதுல கண்ட்ரோல் ஈக்குவல் அழுத்தினா கோட் மட்டும் இல்லாம, பக்கத்துல ஃபைல் லிஸ்ட், மேல டேப், கீழ ஸ்டேட்டஸ் பார் எல்லாமே பெருசாகும். காரணம், உள்ளுக்குள்ள அது எலெக்ட்ரான். அதாவது குரோமியம் பிரவுசர். பிரவுசர் சண்டையில ஜெயிச்ச முழுப் பக்க ஜூம் அப்படியே எடிட்டருக்குள்ள வந்து உக்காந்திருக்கு.

ஒரு தட்டுக்கு 20 சதவீதம். அடுத்த தட்டு அந்தப் பெருசானதுக்கு மேல 20. அதனால நாலு தட்டுல 1.2-ஐ நாலு தடவை பெருக்கின மாதிரி, 2.07 மடங்கு ஆயிடும். எழுத்து அகலம் ரெண்டு மடங்கு, உயரம் ரெண்டு மடங்கு. ஸ்கிரீன்ல முன்ன தெரிஞ்ச கோடுல கால்வாசிதான் இப்போ தெரியும். பெரிய எழுத்துக்கு இது நிஜமான விலை. பெரிய எழுத்துல வேலை பார்க்கிறவர் நாம ஒரே பார்வையில பார்க்கிற ஃபங்ஷனை நாலு தடவை ஸ்க்ரோல் பண்ணி, தலையில ஞாபகம் வச்சுப் படிக்கிறார். அவர் ரிவ்யூவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தா அதுதான் காரணம்.

கோட் மட்டும் பெருசாகணும்னா வழி இருக்கு. கமாண்ட் பேலட்டைத் திறந்து எடிட்டர் ஃபான்ட் ஜூம் இன் என்று தேடுங்க. அதுக்கு ஷார்ட்கட் எதுவும் முன்கூட்டியே கொடுக்கப்படலை, நீங்களே ஒண்ணு வச்சுக்கலாம். செட்டிங்ஸ்ல மவுஸ் வீல் ஜூம்னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணா கண்ட்ரோலும் சக்கரமும் சேர்ந்து கோடை மட்டும் பெருசாக்கும்.

மூணு தட்டு

அந்த மீட்டிங் முடிஞ்சதும் நான் அண்ணாகிட்ட போனேன். "அண்ணா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. சாரி"ன்னேன். எதைச் சொல்றேன்னு அவருக்கு உடனே தெரிஞ்சிருச்சு. "விடுடா தம்பி, உனக்கும் நாற்பது வரும்"னு சிரிச்சார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த ரிவ்யூல சைபரை எண்ணினேன்டா. நாலுனுதான் பட்டுச்சு"ன்னார்.

அதுக்கப்புறம் எங்க டீம்ல ஒரு வழக்கம் வந்திருக்கு. ஸ்கிரீன் ஷேர் பண்றவங்க முதல்ல மூணு தடவை கண்ட்ரோல் ஈக்குவல் தட்டணும். முன்னாடி எல்லாரும் "எல்லாருக்கும் தெரியுதா?"னு கேப்போம். இருபது பேர் இருக்கிற கால்ல யாரு மைக்கை ஆன் பண்ணி "எனக்குத் தெரியலை"னு சொல்லுவாங்க? இப்போ பெருசாக்கிட்டு, "ரொம்பப் பெருசா இருந்தா சொல்லுங்க"னு கேக்கிறோம். இதுவரைக்கும் ஒருத்தரும் குறைக்கச் சொல்லலை. சொல்லப்போனா, 23 வயசுப் பொண்ணு ஒருத்தி "இப்போதான் நிம்மதியா இருக்கு"ன்னா. லேப்டாப்ல பாதி ஜன்னல்ல மீட்டிங், பாதி ஜன்னல்ல நோட்ஸ் வச்சுப் பார்க்கிறவ அவ. எங்களுக்கு அது தோணவே இல்லை.

அண்ணாவோட ஸ்கிரீன் மறுபடியும் பஸ் போர்டு சைஸுக்கு வந்துடுச்சு. பின்னாடி சீட்ல இருந்து எனக்கே படிக்க முடியுது. போன வாரம் நான் அனுப்பின கோடுல ஒரு இடத்துல ஒரு சைபர் கூடுதலா இருக்குனு அவர் கமென்ட் போட்டார். இந்த தடவை சரியாதான் எண்ணியிருந்தார்.

உங்க டீம்ல ஸ்கிரீனைப் பார்க்க முன்னாடி குனியற ஒருத்தர் இருந்தா, இந்த எபிசோடை அவருக்கு அனுப்பாதீங்க. அடுத்த கால்ல நீங்களே மூணு தட்டு தட்டிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.